வேர் விடும் செடிகளுக்கு உரக்கடை உரம் போடலாமா? 2 அடி தொட்டி, போர் தண்ணீர், கடலூர்

திருப்பாப்புலியூர் தொட்டி:

வணக்கம் நண்பர்களே. என் மீன் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மணல், கல் எல்லாம் போக 60 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடியில் கழுவிய ஆற்று மணல் 2 அங்குலம். செடிகள் என்றால் பின்னால் வாலிஸ்னேரியா, நடுவில் அமேசான் ஸ்வோர்டு இரண்டு, முன்னால் கிரிப்ட் வென்டி. கப்பி, மோலி மீன்கள் நிறையவே இருக்கின்றன. எல்இடி விளக்கு தினமும் 8 மணி நேரம் எரிகிறது. செடிக்குக் கரியமில வாயு (சிஓ2) செலுத்தும் கருவி கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை.

வாலிஸ்னேரியா ஓடி ஓடிக் குட்டி போடுகிறது. ஸ்வோர்டுதான் கவலை. புதிதாக வரும் இலை வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. பழைய இலைகளில் குண்டூசித் துளைகள் விழுந்து, சுற்றி மஞ்சள் படர்கிறது.

கடையில் கேட்டால் வேருக்கடியில் புதைக்கும் உர மாத்திரையை, வெளிநாட்டு வேர் மாத்திரையைக் காட்டுகிறார்கள். அந்த விலைக்கு ஒரு மாத மீன் தீவனம் வாங்கிவிடலாம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வைக்கவும் வேண்டுமாம். எங்கள் பக்கத்து உரக்கடையில் 19-19-19, 13-0-45, 0-0-50 என்று ஒரு கிலோ பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கின்றன. இவற்றில் எதையாவது மணலுக்குள் வைக்கலாமா? மீனுக்கு ஆகாமல் போய்விடக் கூடாது, அதுதான் முக்கியம்.

வில்லியனூர் கப்பி:

தாராளமாக வைக்கலாம் நண்பரே. நான் காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் டிஏபி உரம் நான்கைந்து மணி போட்டு ஸ்வோர்டு வேருக்கடியில் அழுத்திவிடுகிறேன். இலை கைவிரித்த அகலம் வருகிறது. டிஏபி வேண்டாமென்றால் 19-19-19 வையுங்கள், மூன்று சத்தும் சமமாக இருக்கும். செலவு ஒன்றுமே இல்லை.

பாகூர் வயல்காரர்:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். வயலுக்கும் தொட்டிக்கும் நான் இந்தப் பாக்கெட்டுகளைத்தான் வாங்குகிறேன், அதனால் சொல்கிறேன். பாக்கெட்டில் இருக்கும் மூன்று எண்கள் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்). முதல் எண் எவ்வளவு என்பதைவிட, அந்தத் தழைச்சத்து எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் மீன் தொட்டிக்கு முக்கியம். பாக்கெட்டின் பின்பக்கத்தில் அதைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

13-0-45 பொட்டாசியம் நைட்ரேட். அதில் தழைச்சத்து முழுக்க நைட்ரேட். மீன் அதைத் தாங்கும். 19-19-19 அப்படி இல்லை. அதில் பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியமும். டிஏபி 18-46-0, அதிலுள்ள 18-ம் முழுக்க அம்மோனியம். நெல்லுக்கு அது சரி. ஆனால் ஒரு கிராம் டிஏபி மணலைவிட்டு வெளியே வந்து 60 லிட்டரில் கரைந்தால், தண்ணீரில் அம்மோனியா நைட்ரஜன் ஏறக்குறைய 3 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஆகிவிடும். நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியில் நிற்கிறது. பிஎச் 7-ஆக இருந்தால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ அம்மோனியாவாக மாறாது. பிஎச் 8 என்றால் அந்தப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். போர் தண்ணீரில் பிஎச் 8 அதிசயமில்லை. காலையில் எழுந்து பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

வில்லியனூர் தம்பி தொட்டியில் ஒன்றும் ஆகவில்லை என்றால், அவர் வைத்த அளவு சின்னது, வைத்த பிறகு செடியைப் பிடுங்காமலும் இருந்திருக்கிறார். செடியை இடம் மாற்றும் அன்றைக்குத்தான் இதன் ஆபத்து தெரியும்.

இன்னொரு விஷயம். உங்கள் தொட்டியில் மீன் நிறைய. தீவனம் போகிறது, கழிவு விழுகிறது. தழையும் மணியும் அதிலேயே வந்துவிடும். மறுபடியும் அதையே காசு கொடுத்து வாங்கி மண்ணில் புதைப்பானேன்? தீவனத்திலிருந்து போதிய அளவு வராதது சாம்பல்சத்தும் இரும்பும்தான். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும் அந்த இரண்டையே காட்டுகின்றன என்று நினைக்கிறேன். லாஸ்பேட்டை டீச்சர் இருந்தால் இதை இன்னும் தெளிவாகச் சொல்வார்.

வில்லியனூர் கப்பி:

அண்ணே, 3 பிபிஎம் கணக்கு எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மோனியம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், நைட்ரேட் ஒட்டாது என்று சொல்வார்களே? அப்படியானால் வேரடியில் வைக்க அம்மோனியம்தானே நல்லது?

லாஸ்பேட்டை டீச்சர்:

நல்ல கேள்வி தம்பி. களிமண் துகள்களில் எதிர் மின்சுமை இருக்கிறது. அதனால் அம்மோனியம், பொட்டாசியம், இரும்பு போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து வைக்கும். நைட்ரேட்டைப் பிடிக்காது, அது கசிந்து மேலே வந்துவிடும். ஆக 13-0-45-ஐ வேரடியில் வைப்பதில் பெரிய லாபம் இல்லை, தண்ணீரில் கரைத்து ஊற்றுவதும் அதுவும் ஒன்றுதான். இது வரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் திருப்பாப்புலியூர் தொட்டியில் இருப்பது ஆற்று மணல். மணல் எதையும் பிடித்து வைக்காது. அங்கே டிஏபி வைத்தால் அதுவும் கசியும். களிமண் இல்லாத இடத்தில் இந்த வாதம் நிற்காது.

இப்போது இலைக்கு வருகிறேன். எந்த இலையில் குறை தெரிகிறது என்று முதலில் பாருங்கள். பொட்டாசியம், நைட்ரஜன், பாஸ்பரஸ், மெக்னீசியம் செடிக்குள் இடம் பெயரும். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் பழைய இலை கெடும். இரும்பு அப்படி நகராது. எனவே குருத்து வெளிறும். பழைய இலையில் குண்டூசித் துளை என்றால் முதல் சந்தேகம் பொட்டாசியம். புது இலை வெளிறி நரம்பு பச்சை என்றால் இரும்பு. பழைய இலை நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவில் வெளிறினால் மெக்னீசியம். பழைய இலை துளை இல்லாமல் முழுசாக மஞ்சளானால் நைட்ரஜன். பாகூர் அண்ணன் சொன்னது போல உங்களுக்கு பொட்டாசியமும் இரும்பும்தான்.

வாங்கிய புதிதில் ஸ்வோர்டின் பழைய இலைகள் அழுகினால் அதற்கு உரம் காரணமில்லை. நர்சரியில் தண்ணீருக்கு மேலே வளர்த்துத் தருகிறார்கள், அந்த இலை தண்ணீருக்குள் நிலைக்காது. கிரிப்டும் இடம் மாற்றினால் ஒரு தடவை கரைந்து, பிறகு வேரிலிருந்து துளிர்க்கும். அந்த நேரத்தில் பயந்து உரத்தைக் கொட்டுகிறவர்கள் அதிகம். பாசிதான் மிஞ்சும்.

உங்கள் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். வெறும் போரா, ஆர்ஓ கலக்கிறீர்களா?

திருப்பாப்புலியூர் தொட்டி:

வெறும் போர் தான் டீச்சர். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 700-க்கு மேல் காட்டுகிறது. சோப்பு நுரைக்காது, ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறது. பிஎச் ஸ்ட்ரிப்பில் 8 பக்கம். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன்.

லாஸ்பேட்டை டீச்சர்:

சோப்பு நுரைக்கவில்லை, வெள்ளை படிகிறது என்றால் கால்சியமும் மெக்னீசியமும் உங்கள் தண்ணீரிலேயே இருக்கின்றன. எப்சம் உப்பு, சுண்ணாம்பு எதுவும் வாங்க வேண்டாம். ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படும். உங்கள் வாலிஸ்னேரியா செழிப்பதற்கும் இதே காரணம். அது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். மோலிக்கும் கடின நீர் பிடிக்கும். ஊர்த் தண்ணீருக்கு ஒத்த செடியும் மீனும் அமைந்திருக்கிறது, ஆர்ஓ பக்கம் போகாதீர்கள்.

இரும்புக்குத்தான் இந்தத் தண்ணீர் எதிரி. உரக்கடையில் இரும்பு இடிடிஏ 12 சதவீதம் என்று மஞ்சள் தூள் கிடைக்கும். இடிடிஏ என்பது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் பொருள். பிஎச் ஆறரையைத் தாண்டினால் அந்தப் பிடிப்பு தளர ஆரம்பித்துவிடும், இரும்பு துருவாகப் படிந்து செடிக்கு எட்டாமல் போகும். டிடிபிஏ வகை ஏழரை வரைக்கும் தாங்கும். இடிடிஹெச்ஏ வகை 8-லும் நிற்கும், ஆனால் தண்ணீர் சிவப்பாகத் தெரியும். உங்கள் தொட்டியில் இடிடிஏ இரும்பைத் தண்ணீரில் ஊற்றுவது வீண். அதையே மணலுக்குள் ஆழமாக வைத்தால் கதை வேறு. அங்கே ஆக்ஸிஜன் குறைவு, இரும்பு கரைந்த நிலையிலேயே இருக்கும், வேர் எடுத்துக்கொள்ளும். ஸ்வோர்டும் கிரிப்டும் பெரிய வேர்க்கட்டு உள்ள செடிகள், அவற்றுக்கு அதுதான் வழி.

பொட்டாசியத்துக்கு 0-0-50, அதாவது பொட்டாசியம் சல்பேட், போதும். 20 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வையுங்கள். 10 மில்லி ஊற்றினால் 60 லிட்டரில் ஏறக்குறைய 3 பிபிஎம் பொட்டாசியம் ஏறும். வாரம் இரண்டு தடவை, தண்ணீர் மாற்றிய அன்று ஒன்று, நடுவில் ஒன்று. சிஓ2 இல்லாத தொட்டிக்கு இதுவே தாராளம். பெரிய வெளிச்சமும் சிஓ2-வும் வைத்திருப்பவர்கள் வாரம் 20, 30 பிபிஎம் நைட்ரேட் என்று போடுவதை இணையத்தில் பார்த்துவிட்டு அப்படியே செய்ய வேண்டாம். உங்கள் செடி அந்த வேகத்தில் வளரவே வளராது.

மஞ்சக்குப்பம் இறால்:

டீச்சர், பொட்டாஷ் என்று சிவப்பாக மூட்டையில் விற்கிறார்களே, அது இன்னும் மலிவு. அது ஆகாதா?

லாஸ்பேட்டை டீச்சர்:

அது பொட்டாசியம் குளோரைடு. சிவப்பு நிறம் அதில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடால் வருவது. நாம் போடும் அளவில் குளோரைடு மீனை ஒன்றும் செய்யாது. நம் போர் தண்ணீரில் ஏற்கனவே இருக்கும் குளோரைடுக்கு முன்னால் இது பெரிய அளவே இல்லை. ஆனால் கரைத்தால் அடியில் கசடு நிற்கும், வடிகட்ட வேண்டும். கடைக்காரர் சில்லறையாகக் கொடுத்தால் வாங்கலாம். ஒரு கிலோ 0-0-50 வாங்கினாலே வருஷக்கணக்கில் வரும் என்பதால், எனக்கு அந்தச் சேமிப்பு பெரிதாகப் படவில்லை.

வில்லியனூர் கப்பி:

சரி, டிஏபியை விட்டுவிடுகிறேன். ஆனால் டீச்சர் சொன்ன களிமண் விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறேன். எங்கள் ஊர் சுடுமண் வேலைக்குப் பேர் போனது, புவிசார் குறியீடு வரை வாங்கியது. பானை, பொம்மை செய்யப் பிசைந்து வைத்த களிமண் கேட்டால் ஒரு கை தருவார்கள். கல், வேர் எதுவும் இல்லாமல் வெண்ணெயாக இருக்கும். அதில் பொட்டாசியம் சல்பேட்டும் இரும்பும் கலந்து உருண்டை பிடித்தால் கேப்ஸ்யூலே வேண்டாமே? களிமண்ணே சத்தைப் பிடித்து வைக்கும்.

பாகூர் வயல்காரர்:

இதைத்தான் தம்பி நானும் செய்கிறேன். அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

காய்ந்த களிமண் பொடி 100 கிராம். அதற்கு 0-0-50 ஐந்து கிராம், இடிடிஏ இரும்பு ஒரு கிராம், பிடிப்பு நுண்ணூட்டக் கலவை அரை கிராம். முதலில் தூள்களை மண்ணோடு உலர்வாகவே நன்றாகக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு உருண்டையில் எல்லாம், இன்னொன்றில் ஒன்றும் இல்லாமல் போகும். பிறகு தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சின்ன கோலிக்குண்டு அளவில் ஐம்பது உருண்டை பிடித்து நிழலில் காயவையுங்கள். அடுப்பிலோ கடும் வெயிலிலோ வேண்டாம். ஒரு உருண்டையில் பொட்டாஷ் உரம் 0.1 கிராம்தான் இருக்கும். பத்து உருண்டை வைத்து அத்தனையும் தண்ணீரில் கரைந்துபோனால்கூட 60 லிட்டருக்கு 7 பிபிஎம் பொட்டாசியத்தைத் தாண்டாது. மீன் பயமில்லாமல் இருக்கலாம்.

நுண்ணூட்டம் வாங்கும்போது கவனம். நெல்லுக்கும் தென்னைக்கும் என்று விற்கும் கலவை வெறும் சல்பேட் உப்புகளாக இருக்கும். அது வேண்டாம். இடிடிஏ பிடிப்பு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். புண்ணாக்கு கலந்த இயற்கை உரத்தையும் தொடாதீர்கள். வேப்பம் புண்ணாக்கு மீனுக்கு ஆகாது. இலுப்பைப் புண்ணாக்கைக் குளத்தில் வேண்டாத மீனைக் கொல்வதற்கென்றே போடுவார்கள். "இயற்கை" என்று எழுதியிருந்தால் மீனுக்கு நல்லது என்று பலர் நம்பிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய ஆதங்கம்.

மஞ்சக்குப்பம் இறால்:

செர்ரி இறால் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நுண்ணூட்டக் கலவையில் செம்பு இருக்கும். மீன் தாங்கும் அளவு செம்பை இறால் தாங்காது. இறால் தொட்டி என்றால் கலவையை விட்டுவிட்டு இரும்பு மட்டும் சேர்த்த களிமண் உருண்டை வையுங்கள். என் கிரிப்டுகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

அரியாங்குப்பம் மண்தொட்டி:

தாமதமாக வருகிறேன். எல்லோரும் உருண்டை பற்றியே பேசுகிறீர்கள். அடியில் மண்ணே போட்டுவிட்டால்? டயானா வால்ஸ்டாட் முறையில் ஒரு அங்குலம் மண், மேலே ஒரு அங்குலம் மணல். நான் செம்மண்ணும் சலித்த மண்புழு உரமும் கலந்து போட்டேன். நம் பக்கம் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை, கேப்பர் மலையிலிருந்து ஆரோவில் வரை அதே சிவப்புதான். இரும்பு அதில் ஏராளம். மேலே காற்றுப்படும் இடத்தில் அது துருவாக இருக்கும். மணலுக்கு அடியில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மெல்ல மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். தனியாக இரும்பு வாங்கியதே இல்லை.

பாகூர் வயல்காரர்:

புதிதாகத் தொட்டி வைப்பவருக்கு அது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் மண்புழு உரம் எத்தனை பங்கு போட்டீர்கள்? அங்கேதான் பலருக்குச் சிக்கல் வருகிறது. உரம் அதிகமானால் முதல் சில வாரங்கள் அம்மோனியா கக்கும். மண் கனமாகிவிட்டால் காற்று புகாமல் அழுகி, குத்தினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழி வரும்.

அரியாங்குப்பம் மண்தொட்டி:

நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம் அண்ணே. அதற்கு மேல் போகக் கூடாது என்று நானும் சொல்வேன். முதல் மாதம் மீன் விடாமல் செடியை மட்டும் வைத்து, அடிக்கடி தண்ணீர் மாற்றினேன். மலேசிய நத்தை சில விட்டிருக்கிறேன், மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும். வாலிஸ்னேரியா வேரும் அடிமண்ணுக்கு ஆக்ஸிஜன் கொண்டுபோகும்.

திருப்பாப்புலியூர் நண்பர் ஓடும் தொட்டியைக் கலைத்து இதைச் செய்ய வேண்டாம். அவருக்கு உருண்டைதான் சரி. இன்னொரு தொட்டி வைக்கும்போது யோசிக்கலாம். அப்போது கொட்டியையும் வைத்துப் பாருங்கள். நம் குளத்துச் செடி, கிழங்கிலேயே சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், உரம் அதிகம் கேட்காது. ஆனால் ஊசுட்டேரியில் இறங்கிப் பறிக்காதீர்கள், அது பறவைகள் சரணாலயம். கோடையில் வற்றும் ஊர்க்குட்டையில் கேட்டு எடுங்கள். நத்தை முட்டை ஒட்டியிருக்கும், ஒரு வாரம் தனி வாளியில் போட்டுக் கழுவி எடுங்கள்.

திருப்பாப்புலியூர் தொட்டி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 0-0-50 ஒரு கிலோ வாங்கிவிட்டேன். இரும்பும் நுண்ணூட்டமும் சின்ன பாக்கெட். மூன்றும் சேர்ந்து வெளிநாட்டு வேர் மாத்திரை இரண்டு பெட்டி விலைக்குள் முடிந்துவிட்டது. மூன்று சந்தேகம் மிச்சம். உருண்டையை எங்கே வைப்பது? எப்போது பலன் தெரியும்? மழைக்காலத்தில் இந்தத் தூளெல்லாம் கட்டியாகிவிடுமே, எப்படி வைப்பது?

பாகூர் வயல்காரர்:

ஸ்வோர்டுக்கு நடுக்குருத்துக்கு நேர் கீழே வேண்டாம். அதன் வேர் அகலமாக ஓடும். தண்டிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளி, சுற்றிலும் நான்கு உருண்டை, தரைக்கண்ணாடியைத் தொடும் ஆழத்தில். கிரிப்ட் புதர் ஒன்றுக்கு ஒன்று போதும். ஆக உங்கள் தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கும். வாலிஸ்னேரியாவுக்கு வைக்கவே வேண்டாம், அது நன்றாகத்தானே இருக்கிறது. காய்ந்த உருண்டை தண்ணீர் பட்டால் சில நிமிடத்தில் குழைந்துவிடும். நீண்ட இடுக்கியால் பிடித்து ஒரே மூச்சில் செருகிவிடுங்கள். வெளியே எடுத்துத் திரும்பச் செருகினால் தண்ணீர் கலங்கும்.

துளை விழுந்த இலை ஆறாது. அதைப் பார்த்து உரம் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். இனிமேல் வரும் குருத்தைப் பாருங்கள். மூன்றாவது, நான்காவது புது இலை பச்சையாக விரிந்தால் சரியான வழியில் போகிறது. ஸ்வோர்டு தேறிய பிறகு, நிறையக் கெட்ட இலைகளை ஒவ்வொன்றாக அடியோடு வெட்டிவிடலாம். நான்கு மாதம் கழித்துக் குருத்து மறுபடி வெளிறினால் அடுத்த சுற்று, வெளிறாவிட்டால் வைக்க வேண்டாம்.

லாஸ்பேட்டை டீச்சர்:

தூளை வைப்பது பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைக் காற்றில் எல்லாமே கசியும். இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். இரும்புத் தூளுக்கு இருட்டு கட்டாயம், வெளிச்சத்தில் அதன் பிடிப்பு கெடும். பொட்டாசியம் சல்பேட் கட்டியானால் கவலை இல்லை, இடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாட்டிலிலும் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சமையலறைப் பக்கம் வேண்டாம், வெள்ளைத் தூள் என்றால் உப்பு என்றே வீட்டில் நினைப்பார்கள். யாராவது 13-0-45 வாங்கினால் கற்பூரம், தீப்பெட்டி இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள், அது நெருப்பை வளர்க்கும் உப்பு. பின்னால் 0-52-34 (பாஸ்பேட் உரம்) வாங்க நேர்ந்தால் அதையும் இரும்பையும் ஒரே பாட்டிலில் கரைக்காதீர்கள், பாஸ்பேட்டும் இரும்பும் சேர்ந்து அடியில் படிந்துவிடும்.

மஞ்சக்குப்பம் இறால்:

திருப்பாப்புலியூர் நண்பரே, ஒரு கிலோ 0-0-50 உங்களுக்குக் காலத்துக்கும் தீராது. 100 கிராம் எனக்கு வேண்டும், விலையைக் கொடுத்துவிடுகிறேன். பதிலுக்குக் கிரிப்ட் கன்று தரட்டுமா?

திருப்பாப்புலியூர் தொட்டி:

தாராளமாக. கிரிப்ட் கன்று தந்தால் காசு வேண்டாம். புதுச்சேரி நண்பர்களுக்கும் பொட்டலம் போட்டு, பெயர் எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்கு வருகிறேன்.

வில்லியனூர் கப்பி:

நான் களிமண் கொண்டுவருகிறேன். யார் யாருக்கு எத்தனை கிலோ வேண்டும், சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.